தண்ணீர் குடிக்காத மகளுக்கு

கலா மக்கா,

நலமா என்று கேட்டால் நலம் என்றுதான் எழுதுவாய். அதனால் இந்தத் தடவை கேட்கவில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன். நீ தண்ணீர் குடிக்கிறாயா? போன ஞாயிற்றுக்கிழமை ஆரியசாலை முக்கில் இருக்கிற பூத்திலிருந்து உன் மாமனார் வீட்டுக்குப் போன் பண்ணினோமே, அப்போது அம்மா முதலில் கேட்டது இதைத்தான். "குடிக்கேம்மா, நல்லா குடிக்கேன்" என்றாய். நான் ரிசீவரைப் பிடுங்கிக் கேட்டேன். எனக்கும் அதே பதில். பத்தாம் வகுப்பில் கணக்குப் பேப்பரைப் பாவாடைகளுக்கு அடியில் ஒளித்து வைத்துவிட்டு, "டீச்சர் இன்னும் திருத்தலப்பா" என்று சொன்னாயே, அதே குரல். நீ உண்மை பேசும்போது என்னோடு சண்டை போடுவாய். இவ்வளவு பணிவாகப் பதில் சொன்னால் அதில் ஏதோ இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா? அந்தப் போன் உங்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது, சுற்றி ஆட்கள் இருப்பார்கள், அதற்கு மேல் நீ என்ன சொல்ல முடியும் என்பதும் தெரிந்துதான் இருக்கிறது. பிறகு உன் அத்தை போனை வாங்கி, உனக்கு நாள் தள்ளிப் போயிருக்கிறது என்கிற நல்ல சேதியைச் சொன்னார். அம்மா பூத்துக்குள்ளேயே அழுதுவிட்டாள். வெளியே காத்திருந்தவர்கள் ஏதோ சாவுச் செய்தி என்று நினைத்து எனக்கு ஆறுதல் சொல்ல வந்தார்கள். எனக்கும் சந்தோஷம்தான், மக்கா, சொல்லி முடியாத சந்தோஷம். ஆனால் வீட்டுக்கு நடந்து வருகிற வழியெல்லாம் உன்னுடைய அந்தப் பதில் மனதில் கிடந்து உறுத்திக்கொண்டே இருந்தது.

நியாயப்படி இதை அம்மாதான் உனக்கு எழுத வேண்டும். அவள் மாட்டேன் என்கிறாள். "இதெல்லாம் எழுதுற காரியமா? சம்பந்தி வீட்டுல யாராவது பிரிச்சுப் படிச்சா எம்மூஞ்சிய எங்க கொண்டு வைப்பேன்?" என்று காலையிலிருந்து என் பின்னால் சுற்றிக்கொண்டிருக்கிறாள். பெற்ற அப்பன் மகளுக்கு மூத்திரத்தைப் பற்றிக் கடிதம் எழுதுவது எங்கும் கேள்விப்படாத காரியம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நான் சாலைக் கடைவீதியில் ஒரு குழாய்ச் சாமான் கடையில் நின்றே முடி நரைத்தவன். கடை திறந்ததிலிருந்து அடைக்கிற வரை க்ளோசெட், ஃப்ளஷ் டாங்க், பெண்ட், டிராப் என்று தொண்டை கிழியப் பேசிக் குடும்பம் நடத்தியவன். எனக்கு இந்த விஷயத்தில் வெட்கம் போய் வெகு காலம் ஆகிறது. யாராவது பிரித்துப் படித்தால் படிக்கட்டும். அதற்காகத்தான் கையெழுத்தைக்கூட இந்தத் தடவை திருத்தமாக எழுதுகிறேன்.

ஆடிக்கு உன்னை அழைத்து வந்தோம். வந்த அன்றைக்கே கவனித்தேன். அத்தனை தூரம் பஸ்ஸில் வெயிலில் வந்தவள், அம்மா கொடுத்த தம்ளரை வாங்கி இரண்டு மடக்குக் குடித்துவிட்டு ஜன்னலில் வைத்துவிட்டாய். முன்பெல்லாம் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் செம்போடு தூக்கிக் கழுத்தெல்லாம் வழியக் குடிப்பாய். "மாடு தொட்டியில குடிக்க மாதிரி குடிக்கா" என்று அம்மா திட்டுவாள். அந்தப் பிள்ளை எங்கே போனாள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். உன் உதடு வெடித்திருந்தது. கட்டிக்கொடுத்த பெண் இளைத்து வந்தால் தாய் தகப்பனுக்கு என்னென்னவோ நினைப்பு வரும். மாப்பிள்ளை முகம் கொடுத்துப் பேசுகிறாரா, அத்தை ஏதாவது சொல்கிறாரா, வயிறாரச் சாப்பிடுகிறாயா என்று சுற்றி வளைத்துக் கேட்டோம். எல்லாவற்றுக்கும் நல்லபடியாகத்தான் சொன்னாய், அதெல்லாம் உண்மையும்கூட. பிறகு ஒரு நாள் மத்தியானம் உனக்குக் குளிர்காய்ச்சல் வந்து உடம்பு தூக்கிப் போட்டதே, ஞாபகம் இருக்கிறதா? கம்பளியைப் போர்த்தி, அதற்கு மேல் என் வேட்டியையும் போர்த்தி, அம்மா உன் மேல் படுத்துக்கொண்டும் நடுக்கம் நிற்கவில்லை. லேடி டாக்டர் உன்னை உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் கேட்டபோது வெறும் காய்ச்சல் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டாய். பாத்ரூம் போனால் நெருப்பாய் எரிகிறது என்று அம்மாவின் காதில் சொன்னது ஆட்டோவில் திரும்பி வரும்போதுதான். அட்டகுளங்கரையிலிருந்து ஆட்டோவைத் திருப்பிக்கொண்டு போனோம். டாக்டர், "கொச்சே, இது ஆத்யம் பறயண்டே?" என்று மலையாளத்தில் சத்தம் போட்டார். முதலிலேயே சொல்ல வேண்டிய விஷயத்தை நம் வீட்டுப் பெண்கள் எப்போதும் கடைசியில்தான் சொல்கிறீர்கள்.

அம்மா அன்றைக்கு உன்னிடமிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கறந்துதான் விஷயம் எனக்குத் தெரியவந்தது. உன் மாமனார் வீடு பெரிய வீடு. கல்யாணத்துக்கு முன்னால் வீடு பார்க்க வந்தபோது தூணைத் தட்டிப் பார்த்தேன், மாடி அறையின் காற்றோட்டத்தைப் பார்த்தேன். கக்கூஸ் எங்கே என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. அது பின்கட்டைத் தாண்டி, மிளகாய் வற்றல் காயப்போடுகிற களத்துக்கு அந்தப் பக்கம், மதிலோடு ஒட்டி இருக்கிறது. நீ மாடியிலிருந்து இறங்கி, மாமாவும் மாப்பிள்ளையின் தம்பிகளும் உட்கார்ந்து டி.வி. பார்க்கிற கூடத்தைக் கடந்து, களத்தில் மூட்டை தைக்கிற ஆட்கள் அத்தனை பேர் முன்னாலும் வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்து போக வேண்டும். யாரும் உன்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை, யாரும் தப்பாகப் பார்க்கவும் இல்லை. இருந்தாலும் புதுப் பெண்ணுக்குக் கால் எழும்புமா? அதனால் விடிவதற்கு முன்னால் ஒரு தடவை, இருட்டின பிறகு ஒரு தடவை என்று வைத்துக்கொண்டாய். இடையில் தண்ணீரைத் தொடாமல் இருந்தால் பிரச்சினையே இல்லை என்று கண்டுபிடித்துவிட்டாய். இதைக் கேட்டுவிட்டு அம்மா அடுக்களைக்குள் போய் நெடுநேரம் வெளியே வரவில்லை. நீ அவளை ஏமாற்றிவிட்டாய் என்ற கோபம் என்று நினைத்திருப்பாய். அது கோபம் இல்லை, மக்கா. அவளுக்கு அந்த வித்தை முன்னமே தெரியும்.

நீ எட்டாம் வகுப்பு படிக்கும்போது அம்மாவுக்கு ஆபரேஷன் செய்து ஒரு கிட்னியை எடுத்தார்கள் என்பது உனக்குத் தெரியும். சூட்டு உடம்பு, அதனால் கல் விழுந்தது என்று சொன்னோம். சொந்தக்காரர்களிடம் அதைக்கூடச் சொல்லவில்லை, வயிற்றில் ஒரு கட்டி என்று முடித்துக்கொண்டோம். பெண்ணைப் பெற்ற வீட்டில் கிட்னி என்ற பேச்சு எழுந்தால் வரன் வருமா என்று அம்மாவுக்குப் பயம். ஆனால் அந்தக் கல் எங்கிருந்து வந்தது என்று யாரும் உனக்குச் சொன்னதில்லை. அப்போது அவள் சாலைக் கடைவீதியில் ஒரு ஜவுளிக் கடையில் சேல்ஸில் நின்றாள். இப்போது அந்தக் கடை இல்லை. அங்கே மேல்மாடியில் ஒரே ஒரு கக்கூஸ், அதன் சாவி மானேஜர் மேஜையில். போக வேண்டும் என்றால் கஸ்டமர்கள் முன்னால் போய் நின்று கேட்க வேண்டும். "இப்பத்தானே போயிட்டு வந்தே?" என்று ஒரு பெண்ணிடம் அந்த ஆள் கடைக்கே கேட்கிற மாதிரிக் கேட்டானாம். அதற்குப் பிறகு ஒருத்தியும் சாவி கேட்பதில்லை. புதிதாக வேலைக்குச் சேருகிற பெண்ணுக்குச் சேலை மடிக்கச் சொல்லிக் கொடுப்பதற்கு முன்னால், தண்ணீர் குடிக்காமல் பொழுதைக் கழிக்கச் சொல்லிக் கொடுப்பார்கள். காலையில் சாயா பாதி கிளாஸ். மத்தியானச் சோற்றுக்குத் தோரனும் துவையலும் மட்டும், ரசம் மோர் கூடாது. தாகம் தாங்காவிட்டால் வாயைக் கொப்புளித்துத் துப்பிவிட்டு ஒரு ஏலக்காயை ஒதுக்கிக்கொள்வது. வேலை விட்டு வீட்டுக்கு வந்த பிறகுதான் அம்மா ஒரு நாளைக்கு வேண்டிய தண்ணீரை ஒரே மூச்சில் குடிப்பாள். இரண்டு சந்து தள்ளி நான் ஊருக்கெல்லாம் கக்கூஸ் சாமான் விற்றுக்கொண்டிருந்தேன். கல்ஃபிலிருந்து வந்தவர்கள் ஒரே வீட்டுக்கு மூன்று நான்கு என்று வாங்கிப் போவார்கள். எனக்கு வேண்டுமென்றால் ஆரியசாலையில் ஏதாவது ஒரு சந்துச் சுவர் கிடைக்கும். ஆண்களுக்கு என்ன கவலை.

நம் வீட்டில் பதிமுகம் போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீர்தானே. நாகர்கோவில் பக்கத்திலிருந்து இந்த மலையாள ஊருக்குக் குடிவந்த புதிதில் எங்களுக்கு அது என்னவென்றே தெரியாது. வீட்டுக்காரச் சேச்சிதான் ஒரு பொட்டலம் மரச்சீவலைக் கொடுத்து, ஒரு சிட்டிகை போட்டால் போதும் என்று பழக்கினாள். பாத்திரம் முழுக்க ரோஸ் நிறமாகிவிடும். முதல் தடவை வந்த உன் சித்தப்பா அதைச் சர்பத் என்று நினைத்து, சீனி போதவில்லை என்று குறை சொன்னான். அந்தத் தண்ணீர்தான் எங்களுக்கு வினையாக வந்தது. அம்மாவுக்கு மூத்திரம் சிவப்பாகப் போக ஆரம்பித்தது. கடைப் பெண்களிடம் கேட்டிருக்கிறாள். எல்லோரும் சிரித்துவிட்டு, "பதிமுகம் குடிச்சா பின்ன என்ன நெறத்துல போகும்?" என்றிருக்கிறார்கள். என்னிடம் சொன்னாள். நானும் பெரிய நிபுணன் மாதிரி, "குடிக்க நெறம் எறங்கத்தானே செய்யும், இதுக்கெல்லாம் ஒரு பயமா?" என்றேன். நிறம் போக வேண்டும் என்று அவள் பதிமுகத்தை நிறுத்தினாள். வெறும் கொதித்த தண்ணீர் அவளுக்கு நாக்கில் ஒட்டவில்லை. அதனால் ராத்திரி குடித்துக்கொண்டிருந்த அந்தத் தண்ணீரும் பாதியாகக் குறைந்தது. சிவப்பு கூடியது. பழைய பதிமுகம் உடம்பில் தங்கியிருக்கும் என்று அதற்கும் ஒரு விளக்கம் கண்டுபிடித்தோம். அது ரத்தம் என்று எங்கள் இரண்டு பேரில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. இந்த ஊரில் எத்தனை வீட்டில் இப்படி ஏமாந்திருப்பார்களோ, எனக்குத் தெரியாது.

ஓணத்துக்கு முந்தின கூட்டம். கடையில் கால் வைக்க இடமில்லை. அம்மா ஒருவருக்கு முண்டு எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தவள் அப்படியே விலாவைப் பிடித்துக்கொண்டு துணிக்கட்டின் மேல் சரிந்திருக்கிறாள். முகமெல்லாம் வியர்வை. கூட நின்ற பெண்கள் பயந்துபோய்க் கூச்சல் போட்டதும், அந்த மானேஜரே சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடி வந்தானாம். அப்போதும் இவள், "வேண்டாம் சார், வீட்டுல போய்க்கிடுதேன்" என்றாளாம். இதை அந்தப் பெண்களில் ஒருத்தி ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்து என்னிடம் சொன்னாள். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். கல் வெகு நாளாக வழியை அடைத்துக்கொண்டு இருந்திருக்கிறது, அந்தப் பக்கத்துக் கிட்னி வீங்கிக் கெட்டுப்போய்விட்டது, எடுப்பதைத் தவிர வழியில்லை என்றார்கள். எத்தனை நாளாக வலி என்று டாக்டர் கேட்டதற்கு, "வலி ஒண்ணும் இல்ல டாக்டரே, ஒரு கனம் போல இருந்துச்சு, அவ்வளவுதான்" என்றாள். யூனிபார்மோடு வந்து கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற உன்னிடமும், "அம்மாவுக்கு வலிக்கவே இல்ல மக்கா, நீ போய்ப் படி" என்றாள். நீ நம்பிவிட்டாய். சின்னப் பிள்ளை, நம்பாமல் என்ன செய்வாய்.

இப்போது நீ தனியாள் இல்லை. அதனால் திங்கட்கிழமை கடைக்கு லீவு போட்டுவிட்டு நான் மட்டும் அந்த லேடி டாக்டரைப் போய்ப் பார்த்தேன். கர்ப்பிணிகள் நடுவில் ஒற்றை ஆம்பிளையாக டோக்கனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், சிரிக்காதே. "அச்சன் வந்நு சோதிச்சது நன்னாயி" என்று, தகப்பனே வந்து கேட்டதைப் பாராட்டிவிட்டு, அவர் நிதானமாக எல்லாம் சொன்னார். வயிற்றில் குழந்தை வளர வளர மூத்திரம் தங்கிப் போகும், கிருமி சுலபமாகப் பிடிக்கும், ஏற்கெனவே ஒரு தடவை வந்தவளுக்கு மறுபடி வர அதிக நேரம் ஆகாது என்றார். அது மேலே ஏறிக் கிட்னிக்குப் போய்க் காய்ச்சல் கண்டால் உனக்கும் ஆபத்து, குழந்தையும் மாசம் திகையும் முன்பே வந்துவிடலாம். அதனால் தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்காதே. ராத்திரி ஒரேயடியாகக் குடிப்பது கணக்கில் சேராது, பகல் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போக வேண்டும். மிளகாய் நெடியும் உங்கள் ஊர் வெயிலும் சேர்ந்தால் இன்னும் கூடுதலாகவே வேண்டும். சாயாவும் காப்பியும் தண்ணீருக்குப் பதில் ஆகாது. மூத்திரம் இளநீர் போல வெளுத்துப் போனால் போதுமான அளவு குடிக்கிறாய் என்று அர்த்தம். மஞ்சள் முற்றினால் இன்னும் குடி. சிவந்தால் பீட்ரூட், பதிமுகம் என்று யார் என்ன காரணம் சொன்னாலும் காதில் வாங்காமல் அன்றைக்கே டாக்டரிடம் போ. வருகிறதை அடக்காதே. இது எல்லாவற்றிலும் முக்கியம் அதுதான் என்றார்.

குடி, குடி என்று புத்தி சொல்வது சுலபம். குடித்தால் போக வேண்டுமே, அதைப் பற்றி யார் பேசுவது? நான் பேசுகிறேன். சம்பந்தி அவர்களே, இந்த இடத்தை நீங்கள் படித்துக்கொண்டிருந்தால், என் வணக்கம். உங்கள் வீட்டில் என் மகளுக்கு ஒரு குறையும் இல்லை, அவள் வாயால் ஒரு புகாரும் சொல்லவில்லை. தலைத் தீபாவளிக்கு மாப்பிள்ளைக்கு மோதிரம் போட வேண்டும் என்று வைத்திருந்தோம். அதை மாற்றி, மாடி அறையை ஒட்டி ஒரு பாத்ரூம் கட்டிக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். சாமான் நான் நிற்கிற கடையிலிருந்து வரும். உங்கள் மிளகாய் லாரி வாராவாரம் சாலைக் கடைவீதியில் சரக்கு இறக்கிவிட்டுக் காலியாகத்தானே திரும்புகிறது, அதில் ஏற்றிவிடுகிறேன். பின்னாலேயே கொத்தனாரோடு நானும் வருகிறேன். சீர் என்று க்ளோசெட்டைக் கொண்டு வந்து இறக்குகிறானே இந்த ஆள் என்று நாலு பேர் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். உங்களுக்குக் கோபம் வந்தால் என் மேல் காட்டுங்கள், பிள்ளை மேல் வேண்டாம். கலா, நீ உன் அத்தையிடம் ஒரு வார்த்தை பேசிப் பார். விடிவதற்கு முன்னால் அவரும் உன் கூடத்தானே அந்தக் களத்தைத் தாண்டிப் போகிறார்? கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அப்படித்தான் போய்க்கொண்டிருக்கிறார் என்று நீதானே சொன்னாய். பகலில் அவர் தண்ணீர் குடித்து நீ பார்த்திருக்கிறாயா? அவரை எதிர் ஆளாக நினைக்காதே. உன் பக்கம் நிற்கக்கூடியவர் அந்த வீட்டில் முதலில் அவர்தான்.

இதுவரை எழுதி வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தால் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எல்லாப் பக்கங்களையும் தரையில் பரப்பி வைத்து, எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்துக்கொண்டிருக்கிறாள். சரி, கிழித்து அடுப்பில் போடப் போகிறாள், மறுபடி முதலிலிருந்து எழுத வேண்டியதுதான் என்று தயாராகத்தான் நின்றேன். படித்து முடித்தாள். பக்கங்களை ஒழுங்காக அடுக்கினாள். ஆஸ்பத்திரி வருகிற பக்கத்தை மட்டும் தனியாக எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"இதுல வலி இல்லன்னு நான் சொன்னதா எழுதியிருக்கீங்க."

"நீ அப்படித்தானே சொன்னே."

"சொன்னேன். அதக் கேட்டு வளந்த பிள்ளைதானே அது." பிறகு கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே, "வலிச்சுதுன்னு எழுதுங்க. செத்துப் போயிரலாம்னு இருந்துச்சுன்னு எழுதுங்க. நான் சொன்னேன்னே எழுதுங்க" என்றாள்.

எழுதிவிட்டேன், மக்கா. இத்தனை வருஷத்தில் எனக்கும் இன்றைக்குத்தான் தெரியும்.

உன் அப்பா